156 ஏக்கரும் ஒரு சிறு பந்தும்

வாரத்தில் ஒரு மாலை ஆண்கள் கூடி ஆடுகிறார்கள். அதனால் ஊருக்கு என்ன லாபம்?

ஸ்ரீரங்கம் கோயிலின் பரப்பு, ஏழு பிராகாரங்களையும் சேர்த்து, 156 ஏக்கர். சன்னதிகள், மண்டபங்கள் மட்டுமா அதில் இருக்கின்றன? உத்தர வீதிகள் இருக்கின்றன. சித்திரை வீதிகள் இருக்கின்றன. வீடுகள், கடைகள், பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஓர் ஊரே அதற்குள் குடியிருக்கிறது.

ஏறக்குறைய அதே அளவு நிலத்தில், வேறு தேசங்களில், அதிகமாகப் போனால் 72 பேர் ஒரு சிறு பந்தை அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அதுதான் கோல்ப் ஆட்டம்.

கோல்ப் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பணக்காரர்களின் தொப்பியும், வழுவழுப்பான புல்வெளியும், பை சுமக்கும் பையன்களும் நினைவுக்கு வரும். அது தவறல்ல. ஆனால் அந்த ஆட்டத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் பல சிறு ஊர்களில் அது தச்சரும், தபால்காரரும், பள்ளி ஆசிரியரும் வாரத்தில் ஒரு மாலை கூடி ஆடும் ஆட்டம். அந்த மாலைக்கு 'ஆண்கள் இரவு' என்றே பெயர். இந்த வாராந்தர வழக்கத்தில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் படிக்க வேண்டிய பாடம் ஏதாவது உண்டா? பார்க்கலாம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

முழு கோல்ப் மைதானத்தில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் விட்டமும் நாலேகால் அங்குலம். ஆட்டக்காரர் 46 கிராமுக்கு மேற்படாத பந்தைக் கோலால் அடித்து, நூற்றுக்கணக்கான கஜம் தாண்டி, அந்தக் குழியில் விழவைக்க வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே கெட்டிக்காரர். பெரும்பாலும் நாலு பேர் ஒரு கூட்டாகப் புறப்படுவார்கள். குழிக்கு ஒரு கூட்டு என்று வைத்தால், 18 குழிக்கு 72 பேர். அதற்கு மேல் போனால் நெரிசல்தான்.

சிறு ஊர்களில் பெரும்பாலும் 9 குழி மைதானமே இருக்கும். உறுப்பினர்கள் வேலை முடிந்து 5 மணி சுமாருக்கு வந்து சேருவார்கள். 9 குழிகளை ஆடி முடிக்க இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். பிறகு கணக்குப் பார்த்து, ஜெயித்தவருக்குச் சிறு பரிசு கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வாரம் அதே கிழமையில், அதே மணிக்கு மறுபடியும் வருவார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது.

தோற்பவனுக்கும் ஒரு நாள்

எந்த ஆட்டத்திலும் தொடர்ந்து தோற்பவன் கொஞ்ச நாளில் வராமல் நின்றுவிடுவான். தொடர்ந்து ஜெயிப்பவனுக்கும் சலிப்புத் தட்டும். கூட்டம் கலைந்துவிடும். கோல்ப் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்ப அவருக்குச் சலுகை அடிகள் கொடுப்பதுதான் அது.

உதாரணமாக, ஒருவர் 9 குழிகளை முடிக்க வழக்கமாக 46 அடிகள் எடுக்கிறார். இன்னொருவர் 38 அடிகளில் முடித்துவிடுகிறார். மைதானத்தின் நியாயமான கணக்கு 36 என்று வைத்துக்கொள்வோம். முதல்வருக்கு 10 சலுகை, இரண்டாமவருக்கு 2. இன்றைக்கு முதல்வர் 47 அடியில் முடித்தார். பத்தைக் கழித்தால் 37. கெட்டிக்காரர் 40 அடியில் முடித்தார். இரண்டைக் கழித்தால் 38. ஜெயித்தவர் யார்? சாதாரண ஆட்டக்காரர்தான்!

நடைமுறையில் கணக்கு இதைவிட நுட்பமானது. 2020-ம் ஆண்டு முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறையாக அதை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அதன் தர்மம் இதுதான்: ஒருவன் தன்னுடைய வழக்கமான ஆட்டத்தைவிட நன்றாக ஆடினானா என்பதே கேள்வி. அதனால் 25 வயது வாலிபனும் 65 வயதுப் பென்ஷன்காரரும் ஒரே மைதானத்தில் மனக்குறை இல்லாமல் ஆட முடிகிறது. அடுத்த வாரமும் வரவேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் இருக்கிறது.

சூரியன் கொடுத்த வரம்

வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஆட வெளிச்சம் வேண்டாமா? அந்தத் தேசங்களில் அதற்குக் குறைவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிறது. அமெரிக்காவின் வட மாகாணங்களில் 9 மணி வரை வெளிச்சம் இருக்கிறது. பூமி சாய்ந்து சுற்றுவதால் வடக்கே போகப்போகக் கோடைப் பகல் நீளுகிறது. குளிர்காலத்தில் அவர்கள் அதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பிற்பகல் 4 மணிக்கே இருட்டு வந்துவிடும்.

திருச்சி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரிக்குள் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில்கூட மாலை 7 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறான். கார்த்திகையில் 6 மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டும். பட்டறையிலிருந்தோ, ஆபீஸிலிருந்தோ 6 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு வெளிச்சத்தில் ஆட ஏது நேரம்? வெயில் வேறு. இதனால்தான் இந்தியாவில் கோல்ப் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் ஆடுகிறார்கள். விடியற்காலையில் மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க யாரால் முடியும்? வசதி உள்ளவரால்தான் முடியும். ஆக, அங்கே தொழிலாளியின் ஆட்டமாகவும் இருக்கும் கோல்ப், இங்கே கனவான்களின் ஆட்டமாகவே நின்றுபோனதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. சூரியனும் ஒரு காரணம்.

நிலம் யாருடையது?

அடுத்த கேள்வி நிலம். செயின்ட் ஆண்ட்ரூஸ்தான் கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு. 1764-ல் அங்கே 18 குழி என்று வைத்ததுதான் பிறகு உலகத்துக்கே முறையாயிற்று. உலகப் புகழ் பெற்ற அந்தப் பழைய மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமல்ல என்பது பலருக்குத் தெரியாது. கடற்கரை ஓரமான அந்தப் பொட்டல் வெளியில் ஆடும் உரிமை ஊர் ஜனங்களுக்கு உண்டு என்று 1552-ம் ஆண்டுச் சாசனமே சொல்லிவிட்டது. 1974-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, நிர்வாகத்தை ஒரு பொது அறக்கட்டளையிடம் கொடுத்தது.

உள்ளூர்வாசிகளுக்கு வெளியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் ஆண்டுச் சீட்டு உண்டு. வெளியூர்க்காரர் ஆட வேண்டுமானால் பெயர் கொடுத்துவிட்டுச் சீட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. அன்று அம்மாக்கள் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு அதே புல்வெளியில் உலாவுகிறார்கள்!

நம் மாகாணத்தில் நடந்தது வேறு. சென்னை கிண்டியில் 160 ஏக்கர் அரசாங்க நிலம் 1940-களின் நடுவில் குதிரைப் பந்தயக் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. வருஷ வாடகை சுமார் 614 ரூபாய். பந்தய ஓடுபாதைக்கு நடுவே இருந்த புல்வெளியில் ஜிம்கானா கிளப் அங்கத்தினர்கள் கோல்ப் ஆடிவந்தார்கள். வாடகையை உயர்த்தியதால் ஏற்பட்ட பாக்கி மட்டும் 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசாங்கம் கணக்குக் காட்டியது. கிளப் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், 2024 செப்டம்பரில் அரசாங்கம் குத்தகையை ரத்துச் செய்து, நிலத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அங்கே பசுமைப் பூங்கா அமைக்கவும், மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டவும் முற்பட்டது. விவகாரம் கோர்ட்டு வாசலுக்கும் போயிற்று. உதகமண்டலத்தில் குதிரைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கருக்கும் 2024-ல் இதே கதிதான்.

பாக்கிக் கணக்கில் யார் சொல்வது சரி என்பது கோர்ட்டு பார்க்க வேண்டிய காரியம். பொதுஜனங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. ஊருக்கு நடுவே ஒரு பச்சை நிலம் இருந்தும், ஊரார் அதை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அது கைமாறியபோது 'எங்கள் மைதானம் போயிற்றே' என்று வருந்த ஊரில் ஆளில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் அப்படி ஒன்று நடந்தால் ஊரே திரண்டு வந்து நிற்கும்.

பை சுமந்தவர்கள்

நம் நாட்டுக் கோல்ப் சரித்திரத்தில் நெஞ்சைத் தொடும் ஒரு பகுதி உண்டு. இந்திய ஓப்பன் பந்தயத்தில் ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். ஆண்டு 1991. டில்லியில் மற்றவர்களின் பையைச் சுமக்கும் பையனாக இருந்தவர் அவர். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதே பட்டத்தை வென்றவர் சௌரசியா. அவருடைய தகப்பனார் கல்கத்தாவின் ராயல் கோல்ப் கிளப்பில் புல்தரையைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? திறமை வேலிக்கு வெளியேதான் அதிகம் இருக்கிறது. அது எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டால் பட்டத்தோடு வெளியே வருகிறது. வேலியே இல்லாவிட்டால் எத்தனை அலி ஷேர்கள் வந்திருப்பார்கள்!

அவள் மாலை எங்கே?

'ஆண்கள் இரவு' என்ற பெயரிலேயே ஒரு முள் இருக்கிறது. கணவன் வாரத்தில் ஒரு மாலை கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினால், குழந்தைக்குச் சோறு ஊட்டுவது யார்? வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுப்பது யார்? அவனுடைய ஓய்வுக்கு விலை கொடுப்பவள் மனைவி.

கோல்ப் உலகம் இதில் பல காலம் பிடிவாதமாகவே இருந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா கிளப் 2012-ல்தான் பெண்களை அங்கத்தினராக்கிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸிலுள்ள மூத்த கிளப் 2014-ல் கதவைத் திறந்தது. ஸ்காட்லாந்தின் முயர்பீல்டு கிளப் 2016-ல் ஓட்டெடுத்து மறுத்தது. உலகமே கண்டித்த பிறகு 2017-ல் மறுபடி ஓட்டெடுத்து இணங்கியது.

ஆனால் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, மேடும் பள்ளமுமான ஒரு சிறு புல்தரையில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தரைக்கு 'இமயமலை' என்று வேடிக்கைப் பெயர். நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பெற்றார். ஓர் அடி குறைந்திருந்தால் பதக்கத்துக்குப் போட்டியில் நின்றிருப்பார். அந்தப் பந்தயத்தில் அவருக்குப் பை சுமந்து நடந்தவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாயார்!

ஆகவே ஆண்களுக்கு ஒரு மாலை என்றால் பெண்களுக்கும் ஒரு மாலை வேண்டும். அன்று அடுப்படி ஆண்களின் பொறுப்பு. இந்த ஏற்பாடு இல்லாத வாராந்தர ஆட்டம் பாதி ஊருக்குத்தான் நல்லது.

கூட்டம் கலைந்தால்?

'ஆட்டம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?' என்று சிலர் கேட்கலாம். ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-ம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம் அங்கே பிரபலம். 1980-க்கும் 1993-க்கும் இடையில் அதை ஆடுவோர் தொகை நூற்றுக்குப் பத்து கூடியிருக்கிறது. ஆனால் வாராந்தரக் குழுவாகச் சேர்ந்து ஆடுவது நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டது. ஆட்டம் இருந்தது, கூட்டம் போய்விட்டது. சமூகமே தளர்ந்துவருவதன் அடையாளம் இது என்றார் அவர்.

2025 ஜூன் மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்றும், ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களோடு அதற்குச் சம்பந்தம் உண்டு என்றும் அது மதிப்பிட்டிருக்கிறது. பிரிட்டன் 2018-லும், ஜப்பான் 2021-லும் தனிமைத் துயரைக் கவனிப்பதற்கென்றே மந்திரிகளை நியமித்தன.

திருச்சியில் தனிமையா என்று சிரிக்க வேண்டாம். வாலிபப் பிள்ளை சென்னைக்கோ, சிங்கப்பூருக்கோ போய்விடுகிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் திண்ணை இல்லாத அடுக்குமாடி வீட்டில் டெலிபோன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவயதுக்காரர் மாலையில் எங்கே போவார்? காவிரிப் பாலத்தில் காற்று வாங்கலாம், அம்மா மண்டபத்தில் படித்துறையில் உட்காரலாம், டீக்கடையில் நிற்கலாம். அதற்கு மேல் அவருக்காக இரவு 10 மணி வரை கதவைத் திறந்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அது சர்க்கார் நடத்தும் மதுக்கடை. அங்கேயும் நாலு பேர் கூடுகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தால் வீட்டுக்கு வருவது என்ன என்பது எந்த மனைவிக்கும் தெரியும்.

7 சென்ட் போதும்!

நமக்கு 156 ஏக்கர் வேண்டாம். கோல்ப் மைதானத்தின் புல்லுக்கு ஊற்றப் பல லட்சம் லிட்டர் தண்ணீரும் வேண்டாம். நம் ஆட்டம் நம்மிடமே இருக்கிறது. பூப்பந்து!

மஞ்சள் கம்பளிப் பந்தும், ஒரு மட்டையும், நடுவே ஒரு வலையும் போதும். தஞ்சாவூர் ராஜ குடும்பத்தில் பிறந்த ஆட்டம் என்று சொல்லுவார்கள். காவிரிக் கரைக்கு அது அந்நியமல்ல. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆடுகளம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் 7 சென்ட் சொச்சம். சுற்றிலும் நடமாட இன்னும் கொஞ்சம் இடம் விட்டாலும், 72 பேர் கோல்ப் ஆடும் நிலத்தின் ஒரு மூலையில் ஓராயிரம் பேர் பூப்பந்து ஆடிவிடலாம். நாலு கம்பத்தில் விளக்குப் போட்டால் சூரியன் 6 மணிக்கு மறைந்தாலும் கவலை இல்லை.

இடம் எங்கே என்று கேட்கலாம். ஊரில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. மாலை மணி அடித்ததும் அவற்றின் மைதானங்கள் பூட்டிக்கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை, இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். தலைமையாசிரியர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. ஜன்னல் உடைந்தால் யார் பொறுப்பு? குப்பை போட்டால் யார் அள்ளுவது? விளக்குக்கு யார் பணம் கட்டுவது? இதற்கெல்லாம் வழி செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே இருக்கிறது. பெயர்ப் பதிவுப் புத்தகம், சிறு சந்தா, பொறுப்பான ஒரு குழு இருந்தால் போதும். உள்ளூர்க்காரன் தன்னுடையது என்று நினைக்கும் இடத்தில் குப்பை போடமாட்டான்.

ஊர் வளர்கிறது. 2025 மே மாதத்தில் பஞ்சப்பூரில் புதுப் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் மனைக்கட்டுகள் முளைக்கும். நிலத்தின் விலை ஏறும். கட்டடம் எழும்பிய பிறகு மைதானம் தேடினால் கிடைக்காது. இப்போதே வார்டுக்கு 20 சென்ட் விட்டுவைத்தால், நாளைக்குக் கிண்டியில் நடந்ததுபோல 160 ஏக்கருக்காகக் கோர்ட்டு ஏற வேண்டியதில்லை.

நாலு விஷயங்கள்

சிறு ஊர்க் கோல்ப் மாலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நாலுதான். முதலாவது, மாறாத கிழமை. 'என்றைக்காவது கூடுவோம்' என்றால் என்றைக்கும் கூடமாட்டார்கள். இரண்டாவது, ஊருக்குச் சொந்தமான இடம். மூன்றாவது, தோற்பவனுக்கும் ஜெயிக்க வழி வைக்கும் சலுகைக் கணக்கு. பூப்பந்திலும் கெட்டிக்காரர்களுக்கு எதிராக ஆடும் அணிக்குச் சில புள்ளிகளை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். நாலாவது, ஆணுக்கு ஒரு மாலை என்றால் பெண்ணுக்கும் ஒரு மாலை.

இவற்றில் எதற்கும் பெரிய மூலதனம் தேவையில்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி தேவை. அந்தச் சாவியைக் கொடுக்க ஒருவருக்கு மனம் தேவை.

ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால், அடுத்த வாரம் அவரைக் கண்டதும், 'என்ன அண்ணா, போன வாரம் காணோமே? உடம்புக்கு ஏதாவது?' என்று கேட்க நாலு பேர் இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் ஸ்காட்லாந்துக்காரன் மழையில்கூட மைதானத்துக்குப் போகிறான். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லாமல் எத்தனை பேர் மாலை வேளையில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்? அவர்களுக்காகவாவது ஒரு மைதானத்தின் கதவு திறக்கட்டும்.